கிறிஸ்துமஸ் விருந்து முழுக்க ஆஸ்திரேலிய மண்ணின் பொருட்களில்: முடியுமா, எப்படி?

தூங்காபி வாசி, 23.11.2024, இரவு 9.40

டிசம்பர் 25 மதியம் 12 பேருக்குச் சாப்பாடு. இடம் சிட்னி. வான்கோழியும் ஹாமும் வேண்டாம், இந்த நாட்டுப் பூர்வகுடிகள் காலங்காலமாகச் சாப்பிட்டுவரும் பொருட்களை வைத்தே சமைக்கலாம் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. எனக்கு நம்பிக்கை இல்லை. லெமன் மிர்ட்டில் இலை, வாட்டில் என்ற வேல மர வகையின் விதை, ஃபிங்கர் லைம் என்ற விரல் வடிவ எலுமிச்சை எல்லாம் ஓட்டல் தட்டில் மேலே தூவத்தான் லாயக்கு, வயிறு நிறையும் சாப்பாடு ஆகாது என்பது என் கட்சி. லெமன் மிர்ட்டில் போட்ட மீனில் சோப்பு வாசம். கங்காரு செருப்புத்தோல். வாரிகல் கீரை தொண்டையைக் கரகரக்க வைக்கிறது. 12 பேரில் 3 பேர் சைவம், ஒருவர் கர்ப்பிணி. மறுப்பவர்கள் அளவோடு மறுக்கவும்.


அடுப்படி மூலை, 24.11.2024, காலை 7.15

அளவோடு மறுக்கிறேன்.

எலுமிச்சைக்குப் பதில் லெமன் மிர்ட்டில், மிளகுக்குப் பதில் பெப்பர்பெரி, பசலைக்குப் பதில் வாரிகல், ஆட்டுக்குப் பதில் கங்காரு என்று வைத்துச் சமைத்தால் நீங்கள் சொன்ன மூன்றும் கட்டாயம் நடக்கும். இவை எதற்கும் பதில் இல்லை. ஒவ்வொன்றுக்கும் சூடு, உப்பு, புளிப்பு விஷயத்தில் தனிக் குணம் இருக்கிறது.

லெமன் மிர்ட்டில். இலை எண்ணெயில் 90 சதவீதத்துக்கு மேல் சிட்ரால். எலுமிச்சைப்புல்லில் இருக்கும் அதே வாசனைப்பொருள், இங்கே இன்னும் அடர்த்தி. புளிப்பு கொஞ்சமும் கிடையாது. அதைக் கொதிக்கும் பாலில் எவ்வளவு போட்டாலும் பால் திரியாது, பன்னீர் எடுக்க முடியாது. சமையலில் இதன் பொருள்: எலுமிச்சை வாசம் வருகிறதே என்று நாக்கு புளிப்பைத் தேடுகிறது, கிடைக்காததால் கை இன்னும் ஒரு கரண்டி போடுகிறது, சோப்பு வந்து உட்காருகிறது. கூடவே அரை மணி கொதிக்கவும் விட்டால் மேல்வாசனை பறந்து யூகலிப்டஸ் கசப்புதான் மிஞ்சும். ஒரு கிலோ மீனுக்கு உலர்ந்த பொடி அரை டீஸ்பூன், அல்லது பச்சை இலை 4. குழம்பு வகையில் அடுப்பை அணைத்த பிறகு, கொத்தமல்லி தூவும் நேரத்தில் போட வேண்டும். புளிப்பை வேறு பொருளில் இருந்து கொண்டுவர வேண்டும்.

வாரிகல் கீரை. ஆக்சலேட் அதிகம், கரகரப்பு அதனால். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது போட்டு 2 முதல் 3 நிமிடம், பிறகு அந்தத் தண்ணீர் முழுவதையும் கொட்டிவிட்டு, குளிர்ந்த நீரில் அலசிப் பிழிய வேண்டும். கீரை வெந்த தண்ணீரை ரசத்துக்கோ சூப்புக்கோ எடுத்துவைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. இந்தக் கீரைக்கு அது கூடவே கூடாது. கரகரப்பு முழுவதும் அந்தத் தண்ணீரில்தான் இறங்கியிருக்கிறது.

கங்காருவுக்குத் தனியாக எழுத வேண்டும். மாலையில்.


அடுப்படி மூலை, 24.11.2024, மாலை 6.50

கங்காரு இறைச்சி 100 கிராமில் கொழுப்பு 2 கிராமுக்கும் குறைவு. கொழுப்பு இல்லாத இறைச்சியில் நடுவழி கிடையாது. சட்டென்று சுட்டு உள்ளே சிவப்பாக எடு, இல்லை மணிக்கணக்கில் வேகவிடு. இரண்டுக்கும் நடுவில் எடுத்தால் ஈரல் வாடையும் தோல் மாதிரிக் கடியும் வரும்.

சுட: முதுகுத் துண்டு, 3 முதல் 4 சென்டிமீட்டர் தடிமன், 9 பேருக்கு 1.2 கிலோ. ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்து 20 நிமிடம் வெளியே வைத்து, காகிதத்தால் ஈரம் ஒற்றி எடுங்கள். ஈரம் இருந்தால் தட்டில் வறுபடாமல் வேகத் தொடங்கிவிடும். இறைச்சியின் மேல் எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன், தட்டில் எண்ணெய் வேண்டாம். உப்பு சுடுவதற்குச் சற்று முன்னால். இரும்புத் தட்டு புகையும் அளவுக்குச் சூடேறிய பின் ஒரு பக்கம் இரண்டரை நிமிடம், திருப்பி 2 நிமிடம். தெர்மாமீட்டர் நடுவில் 52 டிகிரி காட்டும்போது எடுத்துவிடுங்கள், ஃபாயில் மூடி 8 நிமிடம் ஓய்வு. அதற்குள் 55, 56 வரை தானே ஏறும். நாருக்குக் குறுக்கே மெல்லிய துண்டுகளாக வெட்ட வேண்டும்.

தயிர், எலுமிச்சைச் சாறு ஊறல் வேண்டாம். ஆட்டுக்கு அது பலன் தரும், இங்கே மேற்பரப்பு மாவு மாதிரி ஆகும், உள்ளே எதுவும் மாறாது.

கர்ப்பிணிக்கு இந்தச் சிவந்த துண்டு கொடுக்காதீர்கள். டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி அபாயம் உண்டு. முதல் சுற்றுக்கு ஆறவைத்த இறால் என்று நினைத்திருந்தால் அதுவும் அவருக்கு வேண்டாம். லிஸ்டீரியா என்ற கிருமி காரணமாகக் கர்ப்பிணிகள் குளிர்ந்த ஆயத்த இறாலைத் தவிர்க்க வேண்டும் என்பதே இங்குள்ள அரசின் ஆலோசனை. பச்சை இறால் வாங்கி அப்போதே வேகவைத்துச் சூடாகக் கொடுங்கள்.


வல்வெட்டிப் பெடியன், 25.11.2024, காலை 11.05

அக்கா, எங்கட வீட்டில அம்மாவும் அப்பாவும் சிவப்பா இருக்கிற இறைச்சியைத் தொடவும் மாட்டினம். கங்காரு வாலை யாழ்ப்பாணத்து வறுத்த தூள் போட்டுக் கறியாக் காய்ச்சலாமோ? வால் கடையில கிடைக்குது. காட்டு இறைச்சி மணம் வருமோ எண்டுதான் யோசனை.


அடுப்படி மூலை, 25.11.2024, மதியம் 1.30

தாராளமாகக் காய்ச்சலாம் தம்பி. வாலுக்கு ஏற்ற வழியே அதுதான். வால் முழுக்கத் தசைநாரும் ஜவ்வும். நேரம் கொடுத்தால் அது கரைந்து குழம்பைத் தானே கெட்டியாக்கும். நடு ஆஸ்திரேலியாவின் பாலைவன மக்கள் வாலை முடியோடு தீயில் பொசுக்கிச் சுரண்டி, குழியில் கனல் மூடி மெதுவாக வேகவைப்பார்கள். அங்கும் பொறுமைதான் பக்குவம்.

2 கிலோ வால், கணுக்கணுவாக வெட்டியது. முதலில் காய்ந்த சட்டியில் எல்லாப் பக்கமும் பழுப்பாகும்வரை பிரட்டி எடுங்கள். காட்டு மணம் குறைவதும் குழம்புக்கு நிறம் வருவதும் இந்தப் படியில்தான், அவசரப்படக் கூடாது. வெங்காயம் 400 கிராம், பூண்டு, இஞ்சி, ரம்பை, கறிவேப்பிலை, வறுத்த தூள் 4 டேபிள்ஸ்பூன், புளிக்கரைசல் கொஞ்சம், மூழ்கத் தண்ணீர். பிரஷர் குக்கரில் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 50 நிமிடம். சாதாரணப் பாத்திரம் என்றால் 3 மணிக்குக் குறையாது. எலும்பில் இருந்து இறைச்சி விரலால் தள்ளினால் கழலும் பதம். தேங்காய்ப்பால் 200 மில்லி கடைசியில். முதல்நாளே வைத்தால் இன்னும் நல்லது, மேலே உறையும் கொழுப்பை மறுநாள் வழித்து எடுத்துவிடலாம்.

தூங்காபி வாசியின் கர்ப்பிணி விருந்தாளிக்கும் இதுவே சரியான பதில். முழுக்க வெந்த இறைச்சி.

ஒன்று கவனிக்க: கங்காரு பல பூர்வகுடிக் குலங்களுக்குக் குலக்குறி. அந்தக் குலத்தாரில் பலர் அதை உண்பதில்லை. விருந்துக்குப் பூர்வகுடி நண்பர் வருகிறார் என்றால் கேட்டுவிட்டுச் சமையுங்கள். ஈமுவுக்கும் அப்படியே.


தூங்காபி வாசி, 25.11.2024, இரவு 10.20

கங்காரு விஷயத்தில் கட்சி மாறுகிறேன். மீதிக்கு இன்னும் மாறவில்லை. ஃபிங்கர் லைம் இந்த வாரம் மூன்று கடையில் தேடினேன், இல்லை. பன்யா என்ற கூம்பு மரத்தின் கொட்டை என்றால் கடைக்காரர் முழிக்கிறார். இந்த நாட்டுப் பொருள் இந்த நாட்டிலேயே கிடைக்காவிட்டால் விருந்து எப்படி?


பிரிஸ்பேன் தோட்டக்காரர், 26.11.2024, காலை 5.55

காலம் தெரியாமல் தேடினால் எதுவும் கிடைக்காது. நம் ஊரில் மாம்பழத்தைத் தை மாதம் தேடுவீர்களா?

ஃபிங்கர் லைம் நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து எல்லை மழைக்காட்டு மரம். முக்கிய அறுவடை கோடைக் கடைசியில் தொடங்கிக் குளிர்காலம் எட்டும்வரை. டிசம்பரில் ஃப்ரீசர் சரக்குதான். கவலை வேண்டாம், பழத்தின் உள்ளே இருக்கும் முத்துமுத்தான சாற்றுமணிகள் உறைந்து உருகினாலும் உடையாமல் நிற்கும். பன்யா கூம்பு விழுவது சனவரி முதல் மார்ச் வரை, அதுவும் மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் பெரிய காய்ப்பு. அதற்கும் ஃப்ரீசரே. குவாண்டாங் என்ற புளிப்புப் பழம் உலர்ந்த பாதிகளாக வருடம் முழுக்கக் கிடைக்கும்.

டிசம்பரில் புதிதாகக் கிடைப்பவை: ரைபெரி என்ற சிறு பழம், டேவிட்சன் பிளம் என்ற புளிப்புப் பழத்தில் நியூ சவுத் வேல்ஸ் வகை. வாரிகலும், சால்ட்புஷ் என்ற உப்புச்சுவை இலைச்செடியும் வீட்டுத் தொட்டியிலேயே எப்போதும். கொடுவா மீனும் எப்போதும் உண்டு. ஆம், பாராமுண்டி என்று இங்கே விற்பது நம் ஊர்க் கொடுவாவேதான், அதே இனம்.


மக்கடேமியா ரசிகை, 26.11.2024, காலை 9.30

மக்கடேமியாவை விட்டுவிட்டீர்களே. ஹவாயில் இருந்து வந்த கொட்டை என்றாலும் இங்கேயும் நன்றாக விளைகிறது. பன்யா வேண்டாம் என்றால் அதைப் போடலாமா?


பிரிஸ்பேன் தோட்டக்காரர், 26.11.2024, காலை 10.02

தலைகீழாகச் சொல்கிறீர்கள் அம்மா. மக்கடேமியாவின் தாய்மண் தென்கிழக்குக் குயின்ஸ்லாந்தும் அதை ஒட்டிய நியூ சவுத் வேல்ஸ் வடக்கும். 1880களில் விதை இங்கிருந்து ஹவாய்க்குப் போனது. பெரிய அளவில் தோட்டம் போட்டுப் பணம் பார்த்தது அவர்கள் முதலில், அதனால் பெயர் அவர்களுக்குப் போய்விட்டது. இங்குள்ள மக்கள் அதற்கும் வெகுகாலம் முன்பே உடைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

பன்யாவுக்குப் பதில் ஆகாது. பன்யா மாவுச்சத்து, மக்கடேமியா கொழுப்பு.


அடுப்படி மூலை, 26.11.2024, இரவு 8.45

பன்யாவுக்கு வருகிறேன். சைவர்கள் மூவருக்கும் விருந்தின் நடுநாயகமே அதுதான்.

சுவை பலாக்கொட்டைக்கு மிக அருகில், கொஞ்சம் பைன் மர வாசத்தோடு. குயின்ஸ்லாந்தின் பன்யா மலையிலும் பிளாக்கால் மலைத்தொடரிலும் பெரிய காய்ப்பு வந்த வருடங்களில் வெகுதூரத்துக் குலங்கள் எல்லாம் அழைப்பு பெற்று வந்து கூடும். வாரக்கணக்கில் தங்கி, கொட்டை தின்று, பெண் கொடுத்துப் பெண் எடுத்து, சண்டைகளைத் தீர்த்து, ஆடிப்பாடிப் போவார்கள். அந்த மரங்கள் இருந்த நிலத்தில் குடியேறவோ மரம் வெட்டவோ கூடாது என்று 1842ல் நியூ சவுத் வேல்ஸ் கவர்னர் கிப்ஸ் அறிவித்தார். குயின்ஸ்லாந்து தனிக் குடியேற்றம் ஆனதும் 1860ல் அந்தப் பாதுகாப்பை நீக்கிவிட்டார்கள். கோடாரி வந்தது. இந்த மண்ணில் விருந்து என்ற சொல்லுக்கு முதல் உரிமை இந்தக் கொட்டைக்கு என்பேன். மேலே தூவும் பொருள் என்று இதைச் சொல்லிவிட முடியாது.

செய்முறை. உறைந்த கொட்டை, ஓட்டோடு 1 கிலோ. கூர்முனையில் கத்தியால் சிறு கீறல். கீறாமல் சுட்டால் வெடிக்கும். உப்புத் தண்ணீரில் 35 நிமிடம் வேகவைத்து, சூடாக இருக்கும்போதே நீளவாக்கில் பிளந்து எடுங்கள். ஆறினால் ஓடு இறுகி, உள்தோல் ஒட்டிக்கொள்ளும். மீதியை வெந்நீரிலேயே விட்டு, 10 கொட்டையாக வெளியே எடுத்து உடைப்பது நல்லது.

திருநெல்வேலிச் சொதியில் போடுங்கள். கல்யாண மறுநாள் விருந்துக் குழம்பு என்பதால் பண்டிகைக்குப் பொருத்தம். பாசிப்பருப்பு 100 கிராம் குழைய வேகவைத்து, மூன்றாம் தேங்காய்ப்பாலில் காய்கள் வேகட்டும். பன்யாவைத் தனியாக வேகவைத்துக் கடைசியில் சேர்க்க வேண்டும். முதலிலேயே போட்டால் மாவு இறங்கிச் சொதி கஞ்சியாகிவிடும். இஞ்சி, பச்சைமிளகாய் அரைத்த விழுது, பிறகு கெட்டிப்பால், நுரை கட்டியதும் இறக்கம். இறக்கிய பின் லெமன் மிர்ட்டில் பொடி கால் டீஸ்பூன், எலுமிச்சைச் சாறு வழக்கம்போல். சாறு புளிப்புக்கு, இலை வாசனைக்கு. இரண்டும் சேரும்போதுதான் அந்த இலையின் பெருமை தெரியும்.


பரமட்டா பாட்டி, 27.11.2024, காலை 6.30

தேங்காயும் பாசிப்பருப்பும் பூர்வகுடிப் பொருளா? தலைப்பைப் பாருங்கள், முழுக்க என்று போட்டிருக்கிறது.


அடுப்படி மூலை, 27.11.2024, காலை 7.10

இல்லை பாட்டி. உப்பு, எண்ணெய், அரிசி, தேங்காய், முட்டை இவை வேண்டும். விருந்தின் சுவையை எது தீர்மானிக்கிறதோ அது இந்த மண்ணுடையதாக இருக்கட்டும், தாங்குகிற பொருள் வீட்டு வழக்கப்படி இருக்கட்டும் என்பது என் நிலை. முழுச்சுத்தம் பார்த்தால் 12 பேரும் பசியோடு எழுந்துபோவார்கள்.


அடுப்படி மூலை, 27.11.2024, இரவு 9.20

மீன். 2.5 கிலோ முழுக் கொடுவா ஒன்று 9 பேருக்குப் போதும், கங்காருவும் இறாலும் இருப்பதால். செதிலோடு வாங்குங்கள். செதில் எடுக்காமல் சுட்டால் தோல் கவசமாக நின்று, பரிமாறும்போது ஒரே இழுப்பில் கழலும்.

பேப்பர்பார்க் மரப்பட்டை சமையலுக்கென்று விற்பதையே வாங்க வேண்டும். தெருவோர மரத்தில் உரிக்காதீர்கள். மருந்து அடித்திருப்பார்கள், மரத்துக்கும் கேடு, பொது இடத்தில் உரிப்பது சட்டப்படியும் தப்பு. பட்டையை 45 நிமிடம் தண்ணீரில் அமுக்கி வைக்கவும். வழவழப்பான உள்பக்கம் மீனைப் பார்க்க, இரண்டு அடுக்கு. மீன் வயிற்றில் பச்சை லெமன் மிர்ட்டில் இலை 8, சால்ட்புஷ் ஒரு கைப்பிடி. உப்பை வழக்கத்தில் பாதியாகக் குறையுங்கள், சால்ட்புஷ் தன் உப்பைத் தரும். பொட்டலமாக மடித்து ஈரப் பருத்திக் கயிற்றால் நான்கு இடத்தில் கட்டு. நைலான் கயிறு உருகும்.

மூடி போட்ட கேஸ் பார்பிக்யூ, நடு பர்னர் அணைத்து, ஓரங்கள் எரிய, உள்ளே 200 டிகிரி. மீன் அணைத்த பகுதியின் மேல். 40 நிமிடம். தலைக்குப் பின்னால் தடித்த இடத்தில் 63 டிகிரி. பட்டை ஓரம் கருகிப் புகைவது நல்லது, வாசமே அங்கிருந்துதான். தீ பிடித்தால் மட்டும் தண்ணீர் தெளிக்கவும். வாழையிலையை உள்ளுறையாகப் போட்டால் ஈரம் காக்கும், புகைவாசம் குறையும். நான் போடமாட்டேன்.

காட்டுத்தீ அபாயத்துக்காக அறிவிக்கும் முழுத் தீத்தடை நாள் என்றால் கரி, விறகு வெளியே கூடாது. கேஸுக்கும் நிபந்தனைகள் உண்டு, 24 மாலையே தீயணைப்புத் துறை அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். தடை வந்தால் வீட்டு ஓவனில் தட்டில் வைத்து அதே 200 டிகிரி, அதே நேரம். புகை குறையும், மீன் கெடாது.


கேண்டர்பரி கீரைக்காரி, 28.11.2024, மாலை 4.40

வாரிகலைப் பச்சையாகச் சாலடில் போட்டு ஓட்டலில் தருகிறார்களே. இளந்தளிர் என்றால் வேகவைக்காமல் சாப்பிடலாம் அல்லவா?


அடுப்படி மூலை, 28.11.2024, இரவு 8.00

அலங்காரத்துக்கு இரண்டு தளிர் என்றால் ஒன்றும் ஆகாது. 12 பேர் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிடும் பொரியலுக்கு வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டியே ஆக வேண்டும், சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கு இரண்டு மடங்கு கவனம். தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ், கேப்டன் குக்கின் எண்டவர் கப்பல் பயணத்தில் இதன் விதையை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். முதல் குடியேறிகள் ஸ்கர்வி என்ற வைட்டமின் குறைபாட்டு நோய் வராமல் இருக்க இதைத் தின்றார்கள், அவர்களும் வேகவைத்தே.

1 கிலோ கீரை பிழிந்தபின் ஒரு சிறு உருண்டையாகிவிடும், அதனால் இரண்டு கிலோ வாங்குங்கள். கடுகு, காய்ந்தமிளகாய், வெங்காயம் தாளித்து, பிழிந்த கீரையை 3 நிமிடம் பிரட்டி, தேங்காய்த்துருவலுக்குப் பதில் வறுத்து நொறுக்கிய மக்கடேமியா 80 கிராம். மக்கடேமியாவை 150 டிகிரியில் 10 நிமிடத்துக்கு மேல் வறுக்காதீர்கள், கொழுப்பு மிகுந்த கொட்டை, நிறம் மாறத் தொடங்கினால் நொடியில் கருகும்.


அடுப்படி மூலை, 30.11.2024, காலை 8.35

பெப்பர்பெரி பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் அதிகம் பேர் விருந்தைக் கெடுத்துக்கொள்வது அதனால்தான். டாஸ்மேனியப் புதர், மிளகுக்கு உறவே இல்லை. காரம் தருவது பாலிகோடியல் என்ற பொருள். வாயில் போட்டதும் பழ இனிப்பு, பிறகு ஒன்றுமில்லை, அரை நிமிடம் கழித்துக் காரம் ஏறி நாக்கு மரத்துப்போகும். அந்த அரை நிமிடத்துக்குள் காரம் போதவில்லை என்று இன்னும் சேர்ப்பதுதான் கேடு. மிளகு போடும் அளவில் கால் பங்கு. ருசி பார்த்து ஒரு நிமிடம் நிற்கவும். நீண்ட கொதியில் காரம் செத்துவிடும், எனவே கடைசியில்.

நிறமும் கசியும். தேங்காய்ப்பாலில் போட்டால் குழம்பு சாம்பல் ஊதாவாகி யாரும் தொடமாட்டார்கள். புளிப்புள்ள சாற்றில் போட்டால் அதே நிறம் அழகான சிவப்பு. ஆகவே அதன் இடம் குவாண்டாங் சாறு: உலர்ந்த குவாண்டாங் 100 கிராம், 400 மில்லி தண்ணீரில் இரவு முழுக்க ஊறல், அதே தண்ணீரில் 80 கிராம் சர்க்கரையோடு 20 நிமிடம் சிறுதீ, இறக்கி நசுக்கிய பெப்பர்பெரி 5. சுட்ட கங்காருவுக்கு இதைவிடப் பொருத்தமானது தெரியவில்லை.

டேவிட்சன் பிளம் என்றால் சர்க்கரை பழத்தின் எடைக்குச் சமமாகவே வேண்டியிருக்கும், அவ்வளவு புளிப்பு. மேல் சுணையைத் துணியால் துடைத்தபின் கழுவவும்.


வல்வெட்டிப் பெடியன், 1.12.2024, இரவு 7.25

எங்கட ரிச் கேக்கில கஜுவுக்குப் பதிலா மக்கடேமியா போட்டால் என்ன? அக்கா ஒருத்தி போட்டுக் கேக் எண்ணெயில மிதந்தது.


அடுப்படி மூலை, 1.12.2024, இரவு 9.10

முந்திரியில் 100 கிராமுக்குக் கொழுப்பு 44 கிராம் அளவு, மக்கடேமியாவில் 75. கணக்கு அங்கேயே தெரிகிறது. 400 கிராம் கஜு கேட்கும் கேக்கில் பாதியை மட்டும் மாற்றுங்கள். 200 கிராம் மாற்றினால் 62 கிராம் கொழுப்பு கூடும், ஆகவே வெண்ணெயில் 75 கிராம் குறைக்க வேண்டும். மக்கடேமியாவை மெஷினில் அரைக்கவே கூடாது, சட்னியாகி எண்ணெய் விடும். கத்தியால் நறுக்கி, ரவையில் ஒரு பிடி எடுத்துப் பிரட்டிச் சேர்க்கவும்.

கிராம்புத்தூளுக்குப் பதில் ரைபெரி போடலாம். ரைபெரி, கிராம்பு, நம் நாவல் மூன்றும் ஒரே பேரினம், சிசிஜியம். பழத்திலேயே கிராம்பு வாசம் இருக்கிறது. புதிய பழம் 150 கிராம், விதை இருந்தால் நீக்கி, சர்க்கரை 50 கிராமில் முதல்நாள் ஊறவைத்து, வடிந்த சாற்றைத் தனியே எடுத்துவிட்டுப் பழத்தை மட்டும் சேர்க்க வேண்டும். சாறோடு போட்டால் கேக்கின் நடு வேகாது.


பிரிஸ்பேன் தோட்டக்காரர், 2.12.2024, காலை 5.40

உறவு என்று தொடங்கினால் நிறைய. குவாண்டாங் சந்தனத்தின் பேரினம், அதே மாதிரி பக்கத்து மரத்தின் வேரில் ஒட்டி உறிஞ்சும். ககாடு பிளம் கடுக்காய், தான்றிக்காயின் பேரினம். புஷ் டொமேட்டோ சுண்டைக்காயின் பேரினம். சுகர்பேக் தேன் எடுக்கும் கொட்டாத தேனீ நம் கொசுத்தேனீக்கு நெருங்கிய சொந்தம். அந்தத் தேனில் ஈரம் 26 சதவீதம் அளவு, புளிக்கும், ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ளுங்கள், சூடாக்காதீர்கள்.

உறவு என்பதற்காகக் காட்டில் பறித்துத் தின்றுவிடாதீர்கள். வாட்டில் குடும்பத்தில் இந்நாட்டில் மட்டும் 1000 இனம் அளவு. உண்ணத்தக்கவை அவற்றில் சில. புஷ் டொமேட்டோ பச்சைக்காய் நஞ்சு.


தூங்காபி வாசி, 2.12.2024, இரவு 10.10

கட்சியைக் கலைத்துவிட்டேன். இனிப்புக்கு வாட்டில் விதை கிரீம் வைத்துப் பாவ்லோவா என்ற முட்டை வெள்ளைக்கருக் கேக் என்று எண்ணம். கிரீமில் பொடியைப் போட்டுப் பார்த்தேன், மணல் மாதிரி நறநற.


அடுப்படி மூலை, 3.12.2024, காலை 7.00

காய்ந்த பொடியை நேராகக் கிரீமில் போடக் கூடாது. வறுத்து அரைத்த வாட்டில் விதை 1 டேபிள்ஸ்பூன், தண்ணீர் 100 மில்லி, சிறுதீயில் 4 நிமிடம் கொதித்து டிக்காஷன் மாதிரி இறங்கட்டும். பொடியும் மெத்தென்று ஆகிவிடும், வடிகட்ட வேண்டாம். முழுக்க ஆறியபின் 600 மில்லி கிரீமில், சர்க்கரை 2 டேபிள்ஸ்பூனோடு அடிக்கவும். சூடாகச் சேர்த்தால் கிரீம் எழும்பாது. காப்பி, சாக்லேட், வறுத்த கொட்டை மூன்றும் கலந்த வாசம்.

பாவ்லோவா: வெள்ளைக்கரு 6, காஸ்டர் சர்க்கரை 330 கிராம், சோளமாவு 2 டீஸ்பூன், வினிகர் ஒன்றரை டீஸ்பூன். ஓவன் 150ல் சூடேற்றி, வைத்ததும் 120க்குக் குறைத்து 80 நிமிடம், அணைத்து உள்ளேயே இரவு முழுக்க. புழுக்கமான நாளில் வெளியே வைத்தால் நீர் விட்டு அழும். கிரீம் பரிமாறும்போதுதான்.


அடுப்படி மூலை, 3.12.2024, இரவு 8.30

24ஆம் தேதி வரிசை: காலையில் வால்கறி, பன்யா வேகவைத்து உடைத்தல், மதியம் கீரை வேகவைத்துப் பிழிந்து மூடிவை, குவாண்டாங் ஊறப்போடு, இரவு பாவ்லோவா. 25 காலை 9க்குக் குவாண்டாங் சாறு, 10.30க்குப் பட்டை தண்ணீரில், 11.15க்குச் சொதி, 11.40க்கு மீன் அடுப்பில். 12க்கு ஃபிங்கர் லைம் முத்து 60 கிராம் ஃப்ரீசரில் இருந்து ஃப்ரிட்ஜுக்கு, அரை மணியில் உருகும். 12.20க்கு மீன் இறக்கம், உடனே கங்காரு. 12.30க்கு இறால், மேலே முத்து. சூடான வெண்ணெயில் முத்தைப் போடாதீர்கள், உடைந்து வெறும் சாறாகும். 12.45க்கு உட்காரலாம்.

வாங்கும்போது ஒரு வேண்டுகோள். இந்த அறிவு யாருடையதோ அவர்களுக்கு இந்த வியாபாரத்தில் கிடைக்கும் பங்கு மிகச் சிறியது. சப்ளை நேஷன் என்ற அமைப்பின் பட்டியலில் பூர்வகுடியினர் நடத்தும் தொழில்கள் சரிபார்த்துப் பதிவாகியிருக்கின்றன. அங்கே தேடி நேராக வாங்குங்கள். பொட்டலத்தில் புள்ளி ஓவியம் இருப்பது மட்டும் அடையாளம் ஆகாது, கடைக்காரரிடம் பறித்தவர் யார், எந்த ஊர் என்று கேளுங்கள்.


அடுப்படி மூலை, 4.12.2024, காலை 6.45

லெமன் மிர்ட்டில் அளவில் ஒரு சேர்க்கை. மேலே சொன்னது புதிய பொடிக்கு. திறந்து ஆறு மாதமான டப்பா என்றால் வாசம் பாதி போயிருக்கும். அளவைக் கூட்டிச் சரிக்கட்டாதீர்கள், கசப்பு அப்படியே இருக்கும், வாசம் மட்டும்தான் போயிருக்கும். புதிதாக வாங்குங்கள்.


தூங்காபி வாசி, 27.12.2024, காலை 10.15

12 தட்டும் காலி. சொதிதான் முதலில் தீர்ந்தது, இறைச்சி சாப்பிடுபவர்களும் அதையே கேட்டார்கள். சுட்ட கங்காரு 300 கிராம் மிச்சம். சூடாக்கினால் மறுபடி தோலாகும் அல்லவா?


அடுப்படி மூலை, 27.12.2024, மதியம் 12.40

சூடாக்காதீர்கள். ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த குளிரிலேயே காகிதம்போல் சீவி, வெங்காயம், வெள்ளரி, பச்சைமிளகாய், எலுமிச்சைச் சாறு, மிச்சக் குவாண்டாங் சாறு கலந்து இன்றைக்கே சாப்பிட்டு முடியுங்கள். கர்ப்பிணிக்கு இதுவும் வேண்டாம்.


பிரிஸ்பேன் தோட்டக்காரர், 19.1.2025, காலை 5.50

பன்யா விழத் தொடங்கிவிட்டது. அடுத்த டிசம்பருக்கு வேண்டுமென்றால் இப்போதே சேருங்கள். கூம்பு ஒன்று 10 கிலோ வரை போகும், மரத்தடியில் நிற்காதீர்கள், கார் நிறுத்தாதீர்கள். பல ஊர்களில் நகராட்சியே எச்சரிக்கைப் பலகை வைக்கும். தனியார் நிலத்தில் அனுமதி கேட்டு எடுங்கள், தேசியப் பூங்காவில் எடுக்கவே கூடாது. கூம்பை நிழலில் வைத்தால் சில நாளில் தானே பிரியும். கொட்டையைக் கழுவி, மிதப்பதை எறிந்து, ஓட்டோடு பச்சையாகவே பையில் காற்று நீக்கி ஃப்ரீசரில் போடுங்கள். ஃபிங்கர் லைம் மார்ச்சில் மலிவாகும், முழுப் பழமாகவே உறையவைத்து, வேண்டும்போது பாதியாக நறுக்கி முத்தைப் பிதுக்கிக்கொள்ளலாம். பையில் மாதம் எழுதி ஒட்டுங்கள்.